கள்ளனுக்கும் தமிழ்ப்பெயர் இல்லையா?

1954ஆம் ஆண்டில் கோவையிலிருந்து ஒரு கள்ளன் புறப்பட்டான். அவன் பெயர் மலைக்கள்ளன். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் எழுதிய புதினத்தைக் கோவைப் பட்சிராசா நிலையத்தார் திரைப்படமாக்கினர். இயக்கியவர் சிரீராமுலு நாயுடு. உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி, கள்ளனாக நடித்தவர் ம.கோ. இராமச்சந்திரன். கொங்கு மண்ணில் பிறந்தவர் ஆக்கிய கதை, கொங்கு மண்ணிலேயே படமாகித் தமிழ்நாடு முழுவதும் வெற்றியுலா வந்தது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் பெற்றது.

2025ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள், அதே கோவையின் அரங்குகளில் வேறொரு படம் திரையேறியது. அதுவும் சட்டத்துக்குப் புறம்பான கூட்டம் ஒன்றின் தலைவனைப் பற்றிய கதையே. இயக்கியவர் தமிழர், தலைமை மாந்தராக நடித்தவர் தமிழர், காசு கொடுத்துப் பார்த்தவரும் தமிழர். படத்தின் பெயரோ 'தக் லைப்'! இரண்டுக்கும் இடையே கழிந்தவை எழுபத்தோராண்டுகள். இத்தனை ஆண்டுகளில் தமிழன் கல்வியில் வளர்ந்தான், செல்வத்தில் வளர்ந்தான், அவன் எடுக்கும் படங்கள் உலகெங்கும் ஓடும் அளவுக்குத் தொழிலிலும் வளர்ந்தான். ஆனால் தன் கதையில் வரும் கள்ளனுக்குத் தன் மொழியில் பெயர்சூட்ட மட்டும் நாணுகின்றான்.

'தக்' என்னும் அச்சொல்தான் என்ன? ஏய்ப்பவன், வழிப்பறிக்காரன் என்னும் பொருளில் வடநாட்டில் வழங்கிய இந்திச் சொல் அது. வெள்ளையன் அதனைத் தன் நாட்டுக்குக் கொண்டுசென்று ஆங்கிலமாக்கினான். ஆங்கிலமான அந்த இந்திச் சொல்லை இன்று தமிழன் தலையில் வைத்துக் கூத்தாடுகின்றான்! வழிச்செல்வோரை அலைத்துப் பொருள் பறிப்போரை ஆறலை கள்வர் எனப் பெயரிட்டு அழைத்த மொழி தமிழ். கள்வன், கள்ளன், கொள்ளையன், சூறையாடுவோன், வழிப்பறியன் என்று தொழிலின் தன்மைக்கேற்பச் சொற்களை அடுக்கி வைத்திருக்கும் மொழி தமிழ். அத்தகைய மொழிக்கு உரியவன், இருகை மாறிய இரவற் சொல்லொன்றைக் கையேந்தி வாங்குவானேன்?

இப்படத்தை ஒட்டி எழுந்த பூசலைத் தமிழ்மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் இசை வெளியீட்டு விழாவில், நடிகர் கமல்காசன் தமிழிலிருந்து பிறந்தது கன்னடம் என்று பேசினார். கருநாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. படமும் குறித்த நாளில் அங்கு வெளிவரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தமிழின் தொன்மைக்காக அவ்வளவு இழப்பைத் தாங்க முன்வந்ததைத் தமிழுணர்வாளர் பலர் பாராட்டினர். பாராட்டத்தக்கதே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. கன்னடத்துக்குத் தாய் தமிழ் என்று மேடையில் முழங்கும்போது, பின்னால் நின்ற பெயர்ப்பலகையில் அத்தாயின் சொல் ஒன்றேனும் இருந்ததா? தாயின் பெருமையை அயலான் மறுத்தால் சினம் வருகின்றது. தாயை வீட்டுத் திண்ணையிலிருந்து தாமே இறக்கிவிட்டால் சினம் வருவதில்லை. இதுதான் இன்றைய தமிழுணர்வின் நிலை.

இது ஒரு படத்தின் குற்றமன்று. 2025ஆம் ஆண்டில் மட்டும் கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி அரங்குகளைக் கடந்துசென்ற பெயர்களை எண்ணிப் பாருங்கள்: 'டிராகன்', 'குட் பேட் அக்லி', 'ரெட்ரோ', 'டூரிசுட்டு பேமிலி', 'தக் லைப்', 'டியூட்'. அதற்கு முன்னைய ஆண்டுகளில் 'மாசுடர்', 'டாக்டர்', 'டான்', 'பீசுட்டு', 'லவ் டுடே', 'லியோ', 'செயிலர்', 'கேப்டன் மில்லர்'. இவற்றுள் எது தமிழர் பார்ப்பதற்கென எடுக்கப்படாதது? எதன் மாந்தர் தமிழ் பேசாதவர்? சிறைக்காவலர் என்னும் சொல் தெரியாத தமிழர் எந்த ஊரில் இருக்கின்றார்? மருத்துவர் என்றால் விளங்காத நோயாளி எங்கே இருக்கின்றார்?

ஆங்கிலத்தை மட்டும் குறைகூறி வடமொழியை வாழ்த்துவதும் பொருந்தாது. 'மகாராசா', 'அமரன்', 'வீர தீர சூரன்' என்பனவும் அண்மையில் வந்த பெயர்களே. முன்வாயிலை அடைத்துப் பின்வாயிலைத் திறந்துவைத்தால் வீட்டுக்குக் காவல் ஏது?

இந்நிலை தானாக வந்ததன்று. இதற்கொரு வரலாறு உண்டு. 2004, 2005ஆம் ஆண்டுகளில் தமிழ்ப்பெயர் கேட்டுத் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கத்தார் குரலெழுப்பினர். 'மும்பை எக்சுபிரசு' என்னும் படத்தின் பெயரை ஒட்டிப் பெரும் வாதம் நிகழ்ந்தது. 2006ஆம் ஆண்டில் கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு, தமிழில் பெயர் சூட்டப்பெறும் படங்களுக்குக் கேளிக்கை வரி முற்றிலும் இல்லை என அறிவித்தது. உடனே நிகழ்ந்ததென்ன? 'காட்பாதர்' என்று பெயர் பெற்றிருந்த படம் 'வரலாறு' ஆயிற்று. 'சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்' என்பதில் முன்னிரு சொற்கள் உதிர்ந்து 'உனக்கும் எனக்கும்' மட்டும் நின்றது. 'சில்லுனு ஒரு காதல்' தன் முதலெழுத்தாக இருந்த வடவெழுத்தைக் களைந்தது. பின்னர் 'ரோபோ' என்று பேசப்பட்ட படம் 2010இல் 'எந்திரன்' என வெளிவந்தது.

'எந்திரன்' என்னும் பெயரைச் சற்று நின்று நோக்க வேண்டும். எந்திரம் என்பது கரும்பு பிழியும் பொறிக்குப் புறநானூற்றுக் காலத்திலேயே வழங்கிய சொல். ஈராயிரம் ஆண்டுப் பழைய சொல்லோடு ஆண்பால் ஈறு சேர்ந்ததும், புத்தம்புதிய பொறிமாந்தன் ஒருவனுக்குப் பெயராயிற்று. பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை அதனை ஒரே கிழமையில் கற்றுக்கொண்டனர். எந்த அகரமுதலியும், எந்தக் கலைச்சொற் குழுவும் அத்தனை விரைவில் ஒரு சொல்லை மக்கள் நாவில் ஏற்றியதில்லை. திரைப்படப் பெயர்க்கு உள்ள ஆற்றல் அது! சுவரில், பேருந்தில், தேநீர்க்கடைத் தட்டியில், நாளிதழில், கைப்பேசியில் என்று ஒரு நாளைக்குப் பன்முறை கண்ணில் படும் சொல் அது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளை, பாடநூலுக்கு வெளியே முதலில் படிப்பது பெரும்பாலும் சுவரொட்டியைத்தான். அச்சுவரொட்டியில் 'டியூட்' என்றிருந்தால் பிள்ளை எதைப் படிக்கும்?

ஆனால் அவ்வரிவிலக்கால் வந்த தமிழ், உள்ளத்தில் வேர்விடவில்லை. 2011க்குப் பின் வந்த அரசு, பெயரோடு உரையாடலும் பெரும்பாலும் தமிழாயிருத்தல் வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகளைச் சேர்த்தது. 2015இல் 'மாசு' என்னும் பெயருக்கு விலக்குப் பெறுவதற்காக 'மாசு என்கிற மாசிலாமணி' என்று வாலொட்டியதைக் கண்டு தமிழகம் நகைத்தது. 2017 சூலை முதல் நாள் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தது. பழைய கேளிக்கை வரி போயிற்று. அதனோடு வரிவிலக்கும் போயிற்று. வரிவிலக்குப் போன வழியிலேயே தமிழ்ப்பெயரும் போயிற்று! பதினோராண்டுகள் தமிழுக்குக் கிடைத்தது அன்பன்று, கூலி என்பது அன்றே வெளிப்பட்டது. கூலிக்கு நாற்று நட்டவன் கூலி நின்றதும் கரையேறிவிட்டான்.

ஆங்கிலப் பெயருக்குப் படமெடுப்போர் கூறும் ஏதுக்கள் மூன்று.

பல மொழிகளில் ஒரே நேரத்தில் வெளியிட வேண்டியிருப்பதால் எல்லார்க்கும் பொதுவான பெயர் வேண்டும் என்பது முதலாவது. இதற்கு விடை 'மலைக்கள்ளன்' காலத்திலேயே கோவையிலிருந்து எழுதப்பட்டுவிட்டது. அக்கதை 1954 தொடங்கி 1957க்குள் ஐந்து பிறமொழிகளில் படமாயிற்று. தெலுங்கில் 'அக்கி ராமுடு', இந்தியில் 'ஆசாத்', கன்னடத்தில் 'பெட்டத கள்ள', மலையாளத்தில் 'தசுகரவீரன்', சிங்களத்தில் 'சூரசேன'. ஒவ்வொரு மொழியாரும் தத்தம் மக்களுக்கு விளங்கும் பெயரைச் சூட்டினர். ஆறு மொழிகளுக்கும் பொதுவாக ஓர் ஆங்கிலப் பெயரை அன்று எவரும் தேடவில்லை. அதனால் எவரும் கெட்டுப்போகவுமில்லை. அண்மைச் சான்று வேண்டுமாயின், 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' உள்ளது. அத்தமிழ்ப்பெயரோடே அது வடநாட்டு அரங்குகளிலும் ஓடியது. அதனை இயக்கிய அதே மணிரத்தினந்தான் 'தக் லைப்' படத்தையும் இயக்கினார் என்பது எண்ணத்தக்கது. 2022இல் கன்னடத்துக் 'காந்தாரா' தன் மண்ணின் வழிபாட்டையும் வழக்கையும் சுமந்து, பெயரை மாற்றாமலே நாடெங்கும் சென்றது. பெயர் வடசொல்லாயினும், ஆங்கிலத்தின் முன் அது மண்டியிடவில்லை.

இளைஞர் விரும்புகின்றனர் என்பது இரண்டாவது ஏது. 'விடுதலை', 'மாமன்னன்', 'வாழை', 'மெய்யழகன்', 'விடாமுயற்சி' ஆகிய படங்களை முதியோர் மட்டுமா சென்று பார்த்தனர்? 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்', பரி என்றால் குதிரை என்பதை ஒரு தலைமுறைக்குக் கற்பித்தது. 'கூழாங்கல்' என்னும் தமிழ்ப்பெயர் 2021இல் இராட்டர்டாம் திரைவிழாவில் முதற்பரிசு பெற்றது. அதே இயக்குநரின் 'கொட்டுக்காளி' 2024இல் பெர்லின் திரைவிழாவில் ஒலித்தது. மேலைநாட்டார் தம் நா வளைத்துத் தமிழ்ப்பெயரை ஒலிக்கின்றனர். தமிழ்நாட்டார் தம் நா சுருங்கி ஆங்கிலத்தை ஒலிக்கின்றனர். 'பரியேறும் பெருமாள்', 'மாமன்னன்', 'வாழை' என்று சொல்லுக்குச் சொல் மண்மணம் கமழப் பெயரிட்ட இயக்குநர் மாரி செல்வராசும் 2025இல் 'பைசன்' என்றொரு சொல்லைக் 'காளமாடன்' முன் நிறுத்தினார். காளமாடன் என்னும் பெயர் தனித்து நிற்க ஆற்றலற்றதா? காட்டுமாட்டுக்கு ஆங்கிலக் கொம்பு எதற்கு?

படம் நன்றாயிருந்தால் போதும், பெயர் எதுவாயிருந்தால் என்ன என்பது மூன்றாவது ஏது. நல்லோர் பலரும் மயங்கும் இடம் இதுவே. ஆகவே நல்ல படங்கள் இரண்டினையே எடுத்துக்கொண்டு இதனை ஆராய்தல் வேண்டும்.

2025 மே முதல் நாள் வெளிவந்த 'டூரிசுட்டு பேமிலி' நெஞ்சைத் தொடும் படம். இலங்கையில் வாழவியலாமல் கடல்கடந்து வந்த ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்று சென்னையில் குடியேறுகின்றது. தங்கள் ஈழப்பேச்சு வெளிப்பட்டால் பிடிபடுவோம் என்னும் அச்சத்தோடே அவர்கள் வாழவேண்டியிருக்கின்றது. அண்டை வீட்டாரின் மனக்கதவுகளை அவர்களின் அன்பு ஒவ்வொன்றாகத் திறக்கின்றது. தமிழ் பேசியதால் ஒரு நாட்டில் துன்புற்றவன், தான் பேசும் தமிழை இன்னொரு தமிழ்நாட்டில் மறைத்துப் பேசவேண்டியிருக்கும் கொடுமையை இத்தனை மென்மையாகச் சொன்ன படம் அரிது. அப்படத்துக்கு ஏன் ஆங்கிலப் பெயர்? சுற்றுலா வந்தோர் என்னும் எள்ளல் அதில் பொதிந்துள்ளது என்பர். எள்ளல் தமிழுக்குப் புதிதா? விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாய் வந்தவரையே தமிழர் விருந்து என்றனர். உறவினர் என்னும் பொருள் பின்னர் ஏறியது. 'விருந்து' என்று அப்படத்துக்குப் பெயர் அமைந்திருப்பின், அதன் கதை முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கும். மாந்தர் தம் தமிழை மறைத்துக்கொண்டது கதையின் துயரம். படமே தன் தமிழை மறைத்துக்கொண்டது தமிழ்நாட்டின் துயரம்.

மற்றொன்று 2025 சனவரியில் வந்த 'குடும்பசுதன்'. தமிழெழுத்தில் செவ்வனே எழுதவியலாத வடவெழுத்துப் பெயர் அது. இல்லறத்தான் என்னும் சொல் இருக்கின்றது. வள்ளுவர் ஆண்ட இல்வாழ்வான் என்னும் சொல்லும் இருக்கின்றது. எனினும் இப்படம் கொங்கு நாட்டார்க்குத் தனிமகிழ்ச்சி தருவது. கோவையில் வேலையிழந்து, கடனில் மூழ்கி, சாதி கடந்து மணந்த மனைவியையும் பெற்றோரையும் காக்கத் தவிக்கும் இளைஞனின் கதை அது. அவ்விளைஞன் கொங்குத் தமிழ் பேசுகின்றான். அதில் என்ன புதுமை எனின், திரைப்படம் நெடுங்காலமாகக் கொங்குப் பேச்சை நகைப்புக்கே பயன்படுத்தி வந்தது. கவுண்டமணியும் கோவை சரளாவும் அப்பேச்சைத் தமிழகமெங்கும் பரப்பினர்; ஆயினும் பரவியது பெரும்பாலும் சிரிப்பாகவே பரவியது. பாக்கியராசு போன்ற ஒரு சிலரே அப்பேச்சைத் தலைமை மாந்தன் வாயில் வைத்தனர். அழுகையும் சினமும் மானமும் கொங்குத் தமிழில் ஒலிக்கக் கேட்பது கோவை அரங்கில் அமர்ந்தோர்க்கு அரிதாகக் கிடைத்த பேறு. நோன்பை நோம்பி என்றும், வேளாண்மையை வெள்ளாமை என்றும், உறவினரை ஒறம்பரை என்றும் வழங்கும் பேச்சு அது. பழந்தமிழ் வேர்களைச் சேற்றோடு பிடித்துவைத்திருக்கும் பேச்சு அது. அதனைப் போற்றிய கைகளே பெயரிலும் தமிழைப் போற்றியிருத்தல் வேண்டும்.

இவ்விரு படங்களும் காட்டுவது இதுதான். பெயர் என்பது படத்தின் மேலாடை என்று தள்ளிவிடத் தக்கதன்று. படத்தைப் பார்ப்போர் சில நூறாயிரவர். பெயரைப் படிப்போர் பல கோடியர். அரங்குக்குச் செல்லாதவனும் அப்பெயரைச் சொல்கின்றான். கதையில் உள்ள தமிழ் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துபோகும். பெயரில் உள்ள ஆங்கிலம் ஆண்டுக்கணக்கில் நாவில் தங்கும். தமிழ்ப்பெயர் சூட்டிய படமெல்லாம் நல்ல படம் என்று எவரும் கூறவில்லை. இழிந்த படங்கள் பல தமிழ்ப்பெயரால் வரிவிலக்குப் பெற்றதும் உண்மையே. ஆனால் நல்ல படத்துக்குத் தமிழ்ப்பெயர் இல்லாமை, நல்லவீட்டுப் பிள்ளைக்குத் தாய்மொழி தெரியாமை போன்றது. குறை வீட்டில் இல்லை என்பதனாலேயே அது இன்னும் வருந்தத்தக்கதாகின்றது.

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தைப் பாருங்கள். ஆங்கிலக் கடல் நடுவே பிரஞ்சு மொழி பேசுவோர் வாழும் தீவு அது. 1977ஆம் ஆண்டில் அவர்கள் தம் மொழிக்குக் காப்புச் சட்டம் இயற்றிக்கொண்டனர். அமெரிக்கப் படங்களும் அங்குப் பிரஞ்சுப் பெயர் தாங்கியே வருவது வழக்கம். 'பாசுட்டு அண்டு பியூரியசு' என்னும் படவரிசை பிரான்சு நாட்டிலேயே அவ்வாங்கிலப் பெயரோடு ஓட, கியூபெக்கிலோ விரைவும் பேரிடரும் எனப் பொருள்படும் பிரஞ்சுப் பெயரோடு ஓடுகின்றது. அயலான் எடுத்த படத்துக்கே அவர்கள் தம் மொழிப்பெயர் கேட்கின்றனர். தமிழனோ தான் எடுத்த படத்துக்கு அயலான் பெயர் தேடுகின்றான்.

இதற்கு மருந்து எங்கே? அரசு ஒருமுறை மருந்து கொடுத்தது; வரியோடு அதுவும் ஒழிந்தது. மீண்டும் சலுகை கேட்டு நிற்பதால் மீண்டும் கூலித்தமிழே விளையும். மருந்து பார்ப்போர் கையில் உள்ளது. அதிலும் கொங்கு நாட்டார்க்குப் பொறுப்பு மிகுதி. 1905ஆம் ஆண்டிலேயே படங்காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்ற சாமிக்கண்ணு வின்சென்ட் கோவைக்காரர். 1914இல் அவர் கோவையில் எழுப்பிய அரங்கு, தென்னாட்டின் முதல் நிலையான அரங்குகளுள் ஒன்று. அதன் பெயர் 'வெரைட்டி ஆல்'. வெள்ளையன் ஆண்ட காலம். ஆங்கிலப் பெயர் இட்டதை ஒருவாறு பொறுக்கலாம். இன்று யார் ஆள்கின்றனர்? யாருக்கு அஞ்சி ஆங்கிலப் பெயர்?

கோவையும் சேலமும் ஒரு காலத்தில் படமெடுக்கும் ஊர்கள். 1947இல் 'இராசகுமாரி' உருவானது கோவை சென்ட்ரல் நிலையத்தில். நூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஈன்றது சேலம் மாடர்ன் தியேட்டர்சு. இன்று இவ்வூர்கள் படம் பார்க்கும் ஊர்களாக மட்டும் நிற்கின்றன. பார்ப்போர்க்கும் ஆற்றல் உண்டு. படத்தின் முதலைத் திருப்பித் தருவது அவர்கள் கொடுக்கும் நுழைவுக் காசு. அக்காசுக்கு ஒரு வாய் உண்டு. அதனைப் பேசவைக்க வேண்டும்.

நல்ல படம் ஆங்கிலப் பெயரோடு வந்தால், படத்தைப் பாராட்டிப் பெயரைக் கண்டித்து இயக்குநர்க்கும் படமெடுத்தோர்க்கும் ஓர் அஞ்சலட்டையேனும் எழுதுங்கள். அதற்குரிய தமிழ்ப்பெயர் ஒன்றையும் அதில் குறித்தனுப்புங்கள். உங்கள் ஊர் அரங்கின் வாயிலில் படப்பெயர் தமிழெழுத்தில் பெரிதாக எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இல்லையேல் அரங்கு உரிமையாளரைப் பண்போடு கேளுங்கள். பள்ளி, கல்லூரிக் கையெழுத்து ஏடுகளில் திரைப்படம் பற்றி எழுதும் மாணவர், பெயரைப் பற்றி முதலில் எழுதட்டும். 'வாழை' என்றும் 'மெய்யழகன்' என்றும் பெயரிட்டோரை வாயாரப் பாராட்டுங்கள். குற்றத்தைக் கண்டிக்கும் குரல் பெரிது. நற்செயலைப் போற்றும் குரல் அதனினும் பெரிது.

மொழி ஒரே நாளில் சாவதில்லை. முதலில் பலகையிலிருந்து இறங்கும். பின் நாவிலிருந்து இறங்கும். முடிவில் நினைவிலிருந்து இறங்கும். தமிழ் இன்று இறங்கி நிற்பது முதற்படியில். அங்கிருந்து அதனை மீண்டும் ஏற்றிவைக்க இன்னும் நேரம் இருக்கின்றது, கையும் இருக்கின்றது, காசும் இருக்கின்றது. இனி வேண்டுவது மானம் ஒன்றே.